தொப்பி போட்ட பற்கள்

எங்கள் சந்தில், வார்டின் ஏழாம் குழுவில், முன்பெல்லாம் சிரிப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். பன்றிக்கறிக் கடைக்காரருக்கு ஒரு தங்கப் பல். மீன்சாறு விற்பவளுக்கு அரக்குப் பூசிய கறுப்புப் பல். தியெப் வாத்தியாருக்கு ஒன்றன் தோளில் ஒன்று ஏறிய பற்கள். முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவருக்கு வாய்க்குள் மட்டும் யாரும் வரிசையில் நிற்கவில்லை. பஞ்சர் ஒட்டும் வின் அண்ணனுக்கு மேல் முன்பல்லில் ஓரம் உடைந்து ஒரு முக்கோணம்.

அந்த முக்கோணத்தின் வரலாறு சந்து முழுக்கத் தெரியும். கல்யாணத்தன்று மைத்துனர்கள் முன்னால் வீரம் காட்ட பீர் பாட்டிலைப் பல்லால் திறந்திருக்கிறார். மூடியோடு பல்லின் ஓரமும் வந்தது. மணப்பெண் தோவா முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதானாம். அன்றிலிருந்து அவர் அந்த ஓட்டை வழியாகத்தான் சீட்டி அடிப்பார். மதியம் பதினொன்றரைக்கு நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. சந்தின் கடைசி வீட்டிலிருந்து தோவா சோற்றுத் தூக்கோடு வருவாள். என் தேநீர்க் கடை அவருடைய காற்றுப் பம்புக்கு அடுத்து இருப்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும். மற்றபடி நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை. காதுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மின்கம்பத்து ஒலிபெருக்கி எங்களை எழுப்பி, "ஒளிரும் புன்னகை, ஒளிரும் வார்டு" என்றொரு இயக்கம் தொடங்கிவிட்டதாக அறிவித்தது. அன்று மாலை கலாச்சார மனையில் சிவப்பு நாற்காலிகள் போட்டுக் கூட்டம். வார்டுத் துணைத் தலைவர் லோக் பேசினார்.

"பெரியவங்களே, அக்கா தங்கச்சிகளே! போன வருஷம் சுவருக்கெல்லாம் வெள்ளையடிச்சோம். பூந்தொட்டி வச்சோம். ஆனாலும் பரிசு ஐந்தாம் குழுவுக்குத்தான் போச்சு. ஏன்? நான் ஆறு மாசமா யோசிச்சேன். நடுவர்கள் சுவரைப் பார்க்க வந்தப்ப, சுவருக்கு முன்னாடி நீங்க நின்னீங்க. நின்னதோட விட்டீங்களா? சிரிச்சீங்க!"

நாங்கள் வெட்கப்பட்டோம்.

அடுத்துக் குழுத் தலைவரான தியெப் வாத்தியார் எழுந்தார். "பல்லுங்கிறது தனி ஆளோட சொத்து இல்லை. தெரு பார்க்கிற சுவர் அது. உங்க வீட்டுச் சுவர்தான், ஆனா பார்க்கிறது நாங்க. எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒற்றுமைன்னா என்னன்னு வாயைத் திறந்தாலே தெரியணும்."

அவர் சொன்னபோது அவர் வாய்க்குள் ஒற்றுமை இல்லாமல் இருந்ததை யாரும் சொல்லவில்லை. அவரே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அதில் நேர்மையான மனிதர்.

பற்களைச் செய்யப் போகிறவன் குயேன். லோக்கின் மச்சான். ஹனோயில் ஒரு பீங்கான் பல் கடையில் ஆறு மாதம் இருந்துவிட்டு, வெள்ளைக் கோட்டோடு ஊர் திரும்பி, பல் அழகு நிலையம் திறந்திருந்தான். இயக்கத்துக்காக அறுபது வயதைத் தொட்டவர்களுக்கு இலவசம் என்றான். கேள்வி கேட்கலாம் என்றான்.

"வலிக்குமா தம்பி?" இது மீன்சாறுக்காரி.

"நகம் வெட்டினா வலிக்குமா அத்தை?"

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"வாழ்நாள் உத்தரவாதம். அட்டை கொடுப்பேன்."

"அப்புறம் பல் தேய்க்கணுமா?" என்று கறிக்கடைக்காரர் ஆவலாகக் கேட்டார். அவருக்குத் தேய்க்காமலிருக்க ஒரு காரணம் வாழ்நாளெல்லாம் தேவைப்பட்டது.

"பீங்கான் கிண்ணத்துல பூச்சி பார்த்திருக்கீங்களா மாமா?"

"கிண்ணத்தைக்கூட நாங்க கழுவுவோமேப்பா" என்றார் வின் அண்ணன் பின்வரிசையிலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். லோக் சிரிக்கவில்லை. சிரித்த வாய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கடைவாய்ல வலி இருக்கு, அது போகுமா?"

"வெள்ளைப் பல்லு வலிச்சு யாராவது கேள்விப்பட்டிருக்கீங்களா? அழகாகிட்டாலே பாதி வைத்தியம் ஆச்சு, அத்தை."

நாங்கள் தலையாட்டினோம். வெள்ளைக் கோட்டுப் போட்டவன் சொல்கிறான், ஒலிபெருக்கியும் சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தப்பாக இருக்க முடியுமா?

வின் அண்ணன் மட்டும் பெயர் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தியெப் வாத்தியார் என் கடைக்கு வந்து, ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு, அவரிடம் பேசினார்.

"வின், சந்து முனையில உட்கார்ந்திருக்கிறது நீ. நடுவர்கள் முதல்ல பார்க்கிறது உன்னைத்தான். நடைபாதையில பம்பு வைக்க வார்டு கண்ணை மூடிக்கிட்டிருக்கு. கண்ணைத் திறந்தா ரெண்டுல ஒண்ணு போகணும். பம்பா, பல்லா?"

அண்ணன் மூங்கில் குழாயில் புகையிலையை அடைத்துப் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, நெடுநேரம் புகையை விட்டார். பிறகு நேராகக் குயேனிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நானும் அந்தப் பக்கம் சர்க்கரை வாங்கப் போயிருந்தேன்.

"தம்பி, என் பல்லு உள்ளே அப்படியே இருக்கும்ல?"

"தொப்பி போட்டா தலை எங்கே போகும் மாமா? வேண்டாம்னா ஒரு நாள் கழட்டிடலாம்."

வாத்தியார் அதைக் குழுவின் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: தொப்பி. கழற்றலாம்.

அன்று மாலை தோவா முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரை ஆய்ந்தாள். "உள்ளே இருக்கும்கிறான்ல?" என்று கேட்டாள். "இருக்குமாம்" என்றார் அண்ணன். "அப்ப சரி" என்றாள். உள்ளே இருந்தால் அவளுக்குப் போதும்.

மேலே பத்து, கீழே பத்து, ஆளுக்கு இருபது. முப்பத்தெட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்தோம். ஊசி போட்டதால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே எந்திரம் அழுதது. குயேனின் கோட்டில் மாவு போல வெள்ளைத் தூள் படிந்தது. "என்னப்பா அது?" என்று கேட்டேன். "சுத்தம் பண்றோம் அத்தை" என்றான். கண்ணாடி எல்லாம் முடிந்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். என் மகன் பார்த்துவிட்டு, "புதுசா டைல்ஸ் ஒட்டின குளியலறை மாதிரி இருக்கும்மா" என்றான். வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பதினொன்றரைக்கு வின் அண்ணன் சீட்டி அடித்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. உதட்டைக் குவித்தார், சாய்த்தார், விரலை வைத்துப் பார்த்தார். புஸ். நாற்பது வருடம் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை கண்டுபிடித்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காத்து போகுது லுவா. ஆனா ஓட்டையைக் காணோம். இதை எங்கே ஒட்டுறது?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அன்று தோவாவின் சோறு பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. அந்த வாரமே அவர் சந்தையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் விசில் வாங்கினார், பந்தாட்ட நடுவர் ஊதுவது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அது கேட்டதும் தோவா வந்தாள். அவளோடு தெருப் பிள்ளைகளெல்லாம் ஆட்டம் என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

நடுவர்கள் வந்தார்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒன்பது மணியிலிருந்து சிரித்தபடி நின்றோம். ஒரு நடுவரம்மாள் தங்கப் பல்லைத் தேடி ஏமாந்தாள். அவள் சித்தப்பாவாம் கறிக்கடைக்காரர், ஆறு வருடத்துக்குப் பிறகு பார்க்க வந்தவள், அவரைத் தாண்டிப் போய் என் கடைக்கு எதிரே நின்ற வேறொருவரை "சித்தப்பா" என்று கையைப் பிடித்தாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. பதாகை ஒன்று கட்டினார்கள்.

அடுத்த வருடம் தெத் புத்தாண்டுப் பண்டிகை கழிந்ததும் வின் அண்ணன் வலது தாடையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். நாக்குக்கு அடியில், உள்ளே, ஒரு புண் ஆறவில்லை என்றார். ஊறுகாய்க் கத்தரிக்காயைக் கடித்தால் எரிகிறது என்றார். முதலில் என்னிடம்தான் சொன்னார். "பீங்கான் பல்லுக்கு என்னண்ணே வலி?" என்றேன். ஆம், நானும்தான் சொன்னேன்.

சுகாதார நிலையத்தில் மாதாமாதம் முதியோர் பரிசோதனை உண்டு. நர்ஸம்மா வாயைத் திறக்கச் சொன்னாள், அவர் திறக்குமுன்னேயே, "அடேயப்பா, ஏழாம் குழுவா!" என்று பதிவேட்டில் எழுதிவிட்டாள். பல்: நன்று. வாய்: நன்று. பொது உடல்நலம்: நன்று. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே மை, ஒரே எழுத்து. அதைப் பார்த்து மாவட்டம் எங்கள் வார்டுக்கு ஆரோக்கியப் பட்டமும் கொடுத்தது.

குயேனிடம் போனார். "மாமா, பீங்கான் வலிக்காது. வயசாச்சு, மனசு வலிக்குது" என்றான் அவன். வாத்தியாரிடம் போனார்.

"வின், அடுத்த மாசம் மறு ஆய்வு வருது. அதுவரைக்கும் தாடையைப் பிடிச்சுக்கிட்டுச் சந்து முனையில உட்காராதே. பார்க்கிறவங்க தப்பா எடுத்துப்பாங்க."

அதனால் அவர் தாடையைப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஹனோய்ப் பெரிய மருத்துவமனைக்குத் தோவா அவரை இழுத்துக்கொண்டு போனபோது ஆவணி தாண்டிவிட்டது. அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தாள். புற்று என்றாளாம்.

"ஆறு மாசமா இருந்திருக்கும்மா இது. யாருமே வாயைத் திறந்து பார்க்கலையா?"

"பார்த்தாங்க டாக்டர்" என்றாளாம் தோவா. "எல்லாரும் பார்த்தாங்க. பாராட்டினாங்க."

அழகு பண்ணுவது வேறு, வைத்தியம் வேறு என்று அந்த டாக்டரம்மா காகிதத்தில் பல் படம் வரைந்து விளக்கியிருக்கிறாள். இந்த விஷயத்தை ஒலிபெருக்கி இன்றுவரை சொல்லவில்லை.

பதினோராம் மாதம் வின் அண்ணன் போய்விட்டார். சவப்பெட்டியருகே லோக் இரங்கல் உரை ஆற்றினார். "தோழர் வின் இயக்கத்தின் தரத்தைக் கடைசி மூச்சு வரை காத்தார். அவர் வாயில் ஒரு பல்கூடப் பழுதாகவில்லை." அது உண்மை. பல் ஒன்றும் பழுதாகவில்லை.

மூன்றாம் நாள் தியெப் வாத்தியார். வருடக் கணக்குக் கூட்டத்தில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. சிரித்த வாக்கில் இருந்ததால் அரைமணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு தீர்மானங்கள் அவர் தலைமையில் நிறைவேறின.

இருவரையும் வாய்க்கால் ஓரப் புதைகாட்டில் அடுத்தடுத்துப் புதைத்தோம். எங்கள் வழக்கப்படி முதல் புதைப்பு அங்கே. மூன்று வருடம் போனதும் எலும்பை எடுத்துக் கழுவிச் சின்ன மண்பெட்டியில் வைத்துச் சொந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை அடையாளத்துக்கு ஆளாளுக்கு ஏதோ வைப்பார்கள். தோவா ஒரு பழைய சைக்கிள் டயரைப் பாதி மண்ணில் புதைத்து வளைவாக நிறுத்தினாள். வாத்தியாரம்மா கரும்பலகைத் துண்டில் பெயர் எழுதி வைத்தாள். சவ ஊர்வலத்திலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. "உங்க வீட்டுக்காரர்தானே பம்பா பல்லான்னு கேட்டாரு" என்று தோவா கேட்டுவிட்டாள். அதற்குப் பதில் இல்லாததால் வாத்தியாரம்மாவுக்குக் கோபம்.

மூன்று வருடத்துக்குள் இயக்கம் புதைகாட்டுக்கும் வந்தது. டயர், பலகை, பாட்டில், செங்கல் எல்லாம் குப்பை என்று ஒரே நாளில் அள்ளி, ஓரத்தில் நின்ற சவுக்கு மரத்தையும் வெட்டி, எல்லா மேட்டுக்கும் ஒரே அளவில் வெள்ளை சிமெண்டுக் கல் நட்டு எண் எழுதினார்கள். அதற்குப் பிறகு யார் மேடு எது என்று எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பல் மாதிரி.

எலும்பெடுக்கும் நாளை இரண்டு குடும்பத்துக்கும் ஜோசியர் ஒன்றாகவே குறித்தார். வெயில் எலும்பில் படக்கூடாது என்பதால் விடியுமுன் தார்ப்பாய் கட்டினோம். தோவாவோடு நான் துணைக்குப் போனேன். வம்புக்கு இல்லை, சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பதிவேட்டில் நாற்பத்தொன்று வின், நாற்பத்திரண்டு தியெப் என்று இருந்தது. தோண்டப் போகும்போது புதைகாட்டுக் காவலாளி தலையைச் சொறிந்தான்.

"பதிவேட்டுல பேரெல்லாம் இடப்பக்கத்திலிருந்து எழுதியாச்சு. கல்லுல எண்ணை மட்டும் ஒரு வரிசைக்கு இடப்பக்கத்திலிருந்து எழுதினாங்க, அடுத்ததுக்கு வலப்பக்கத்திலிருந்து. எந்த வரிசைக்கு எதுன்னுதான் கொஞ்சம்..."

"என்னய்யா கொஞ்சம்?" என்றாள் வாத்தியாரம்மா.

லோக்குக்கு ஆள் போயிற்று. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். டார்ச்சை இரண்டு கல்லிலும் அடித்தார்.

"எண்களில் எந்தத் தவறும் இல்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. வரிசையா இருக்கு. ஆட்களைப் பத்தித்தான் சந்தேகம்னா, அது வேற துறை. ஹனோய்க்கு மரபணுச் சோதனைக்கு அனுப்ப விண்ணப்பம் கொடுக்கலாம். போர்ல போன பிள்ளைங்க எலும்பே இன்னும் வரிசையில நிக்குது. பொறுமை வேணும்."

"நாங்களே பார்த்துக்கிறோம்" என்றாள் தோவா.

இரண்டையும் திறந்தார்கள். எலும்பெடுப்பவர் அனுபவசாலி; வாசனைப் பட்டைத் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, இரண்டு தகரத் தட்டில் கால் முதல் தலை வரை அடுக்கினார். துணியெல்லாம் மண்ணாகியிருந்தது. இருவரும் ஒரே உயரம். இருவருக்குமே எலும்பு முறிந்ததில்லை. கடைசியாகத் தலைகளை வைத்தார். மண்ணும் எலும்பும் காவியேறிக் கிடந்த இடத்தில் இருபதும் இருபதும் நாற்பது பற்கள் நேற்று வைத்தது போல வெள்ளையாக இருந்தன. வாழ்நாள் உத்தரவாதம் என்று குயேன் சொன்னது பொய்யில்லை. யாருடைய வாழ்நாள் என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

"பல்லைப் பார்த்து வீட்டுக்காரங்க சொல்லணும்" என்றார் எலும்பெடுப்பவர். "எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க."

யாரும் சொல்லவில்லை. தார்ப்பாயில் பனி சொட்டியது.

அப்போது தோவாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான்கு வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்த நிம்மதி அது.

"தொப்பியைக் கழட்டுங்க அண்ணே" என்றாள். "மேல, முன்பல்லு. உள்ளே அவரோடது இருக்கும். ஓரத்துல முக்கோணமா உடைஞ்சிருக்கும். கழட்டினா தெரிஞ்சிடும்."

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும்" என்றாள் வாத்தியாரம்மாவும் அவசரமாக. "கழட்டுங்க."

எலும்பெடுப்பவர் சின்னக் குறடால் மெல்லத் திருகினார். வெள்ளை மூடி கழன்று கிண்ணத்தில் டிங்கென்று விழுந்தது. அடியில் பல் இல்லை. நொய்யரிசியளவுக்கு ஒரு முளை, ராவி ராவிக் கூராக்கியது.

"இதுதானாம்மா?"

"அது இல்லை. அடுத்ததைப் பாருங்க."

அடுத்ததும் முளை. அதற்கடுத்ததும். மறு தட்டிலும் முளை. ஒவ்வொன்றுக்கும் தோவா, "அடுத்தது" என்றாள். குயேனின் கோட்டில் படிந்த வெள்ளை மாவு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. என் நாக்கு தானாக என் முன்பல்லைத் தடவியது. நாற்பது தொப்பியும் கிண்ணத்துக்கு வந்துசேர்ந்தபோது இரண்டு தலையிலும் ஒரே மாதிரி முளைகள், ஒரே உயரத்தில். தியெப் வாத்தியாரின் பற்கள் வரிசையில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"உள்ளே இருக்கும்னு சொன்னானே" என்றாள் தோவா. யாரிடமும் இல்லை, கிண்ணத்திடம். "தலை எங்கே போகும்னு கேட்டானே."

லோக் தொண்டையைச் செருமினார். குயேன் பல் நிலையத்தை மூடிவிட்டுக் கைப்பேசிக் கடை வைத்துவிட்டான் என்றும், புகார் இருந்தால் கைப்பேசி சம்பந்தமாக மட்டும் தரலாம் என்றும் சொன்னார். பிறகு பதிவேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: பற்களைக் கொண்டு அடையாளம் காணப்பட்டது. இருவரும் தரத்துக்கு உட்பட்டவர்கள்.

"குறையோட அனுப்பக்கூடாது" என்று எலும்பெடுப்பவர் மூடிகளைத் திரும்ப மாட்ட உட்கார்ந்தார். எது யாருடையது என்று தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தின. அன்றே என் மகனிடம் சொல்லிவிட்டேன், என்னை எரித்துவிடு என்று.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. சீக்கிரம் மூட வேண்டும். வாத்தியாரம்மா மூன்று வருடத்துக்குப் பிறகு தோவாவிடம் வாயைத் திறந்தாள்.

"தோவா, நீ ஒண்ணு எடுத்துக்கோ. நான் ஒண்ணு எடுத்துக்கிறேன். திதிக்கு ரெண்டு பேரும் ரெண்டு இடத்துலயும் ஊதுபத்தி வைப்போம்."

"வாத்தியாருக்குப் பட்டாணிச் சோறு பிடிக்கும்ல?"

"பயத்தம்பருப்புப் போட்ட ஒட்டரிசிச் சோறு. வின்னுக்கு?"

"ஊறுகாய்க் கத்தரிக்கா. கடைசி வருஷம் கடிக்க முடியலை."

"நான் வைக்கிறேன்" என்றாள் வாத்தியாரம்மா. தலை குனிந்தபடி, "அவர் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

தோவா சட்டைப் பையிலிருந்து சிவப்பு விசிலை எடுத்தாள். அவர் பெட்டிக்குள் வைக்கத்தான் கொண்டுவந்திருந்தாள். ஒரே ஒரு விசில். இந்தப் பெட்டியருகே கொண்டுபோனாள், அந்தப் பெட்டியருகே கொண்டுபோனாள். பிறகு வாயில் வைத்து ஊதினாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

புதைகாட்டில் எந்தப் பிள்ளையும் ஓடிவரவில்லை. அவள் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தாள்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.